குயிலும் விதவைக் குருவியும்: வகுப்பில் நான் விட்ட ஒரு பிழை



நீண்ட பதிவு இது. வேலையெல்லாம் முடிந்து ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். என்னிடம் தரம் 10இல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இந்தப் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டுங்கள். நான் விட்ட ஒரு பிழைக்கான திருத்தமும் இதில் இருக்கிறது.

பங்குனி, சித்திரை வந்தால் எங்கள் பாடசாலை வளவு வேப்பமரத்தில் குயில் விடாமல் கூவும். அங்கிகளின் பாகுபாடு படிப்பித்துக்கொண்டிருந்தேன். குயில் கூவக் கூவப் பிள்ளைகளின் கவனம் யன்னலுக்கு வெளியே போனது. சரி, குயிலையே பாடமாக்குவோம் என்று, அது காகத்தின் கூட்டில் முட்டையிடும் கதையைச் சொன்னேன். பின் வாங்கில் இருந்த ஒரு மகன் கையை உயர்த்தினான்.

"சேர், குயில் குஞ்சைக் காகம்தானே வளக்குது. அப்ப அது ஏன் சேர் காகம் மாதிரிக் கத்துறல்ல?"

நல்ல கேள்வி. நான் உடனே பதில் சொன்னேன்: "குயிலுக்குக் கூவல் பிறவியிலேயே வருகிறது மகன். யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் எந்தப் பறவையும் வளர்த்தவர்களிடம் பாட்டுப் படிக்காது. படித்தால் அது தன் சோடியை எப்படிக் கண்டுபிடிக்கும்? அந்த இனமே அழிந்துவிடும்." பிள்ளைகள் அதை அப்படியே கொப்பியில் எழுதினார்கள்.

குயிலைப் பற்றிச் சொன்னது சரி. அதற்குப் பிறகு "எந்தப் பறவையும்" என்று சொன்னேனே, அது பிழை. வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தபோது ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு குருவிக் குடும்பம் ஒன்று என் பதிலைப் பொய்யாக்கியது. அந்தக் குடும்பத்தை எந்த இலாச்சியில் வைப்பது என்று அறிஞர்கள் 200 வருடங்களுக்கு மேல் தடுமாறிய வரலாற்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பெயரிலிருந்து தொடங்குவோம். அந்தக் குருவிகளின் விஞ்ஞானப் பெயர் 'விதுவா'. லத்தீனில் விதவை என்று பொருள். நாம் சொல்லும் 'விதவை' சமஸ்கிருத 'விதவா'விலிருந்து வந்தது. லத்தீன் விதுவாவும் சமஸ்கிருத விதவாவும் ஒரே பழைய வேரில் பிறந்த சொற்கள். இனப்பெருக்க காலத்தில் இந்தச் சாதியின் ஆண் குருவிகள் பல கறுப்பு உடுத்துக்கொள்ளும். சிலவற்றுக்கு உடம்பைவிட நீளமான கறுப்பு வால் தொங்கும். அதைப் பார்த்த ஐரோப்பியருக்குக் கணவனை இழந்த பெண்ணின் துக்க உடை நினைவுக்கு வந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் இதன் பெயர் வேறு வழியில் போனது. விதவையைக் குறிக்கும் சொல், மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு துறைமுகப் பெயரோடு கலந்து 'விடா' என்று மாறிவிட்டது. அந்தத் துறைமுகம் இன்றைய பெனின் நாட்டிலுள்ள உய்டா. 1727இல் தஹோமி அரசு அதைக் கைப்பற்றியது. அதற்கு முன்னும் பின்னும் லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் அந்தக் கரையிலிருந்துதான் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பணக்கார வீட்டுக் கூண்டில் பாடிய ஒரு குருவியின் பெயரில் அந்தக் கரையின் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனிப் பாகுபாட்டுக்கு வருவோம். நவீன பெயரிடலின் தந்தை லின்னேயஸ் 1758இல் நீண்ட வால் கொண்ட ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தார். அதை 'எம்பரிசா' என்ற சாதியில் போட்டார். ஆறு வருடம் கழித்து 1764இல் பல்லாஸ் என்ற ஜேர்மன் அறிஞர் அதன் நெருங்கிய உறவினமான ஊசிவால் குருவிக்குப் பெயர் வைத்தார். அவர் போட்டது 'பிரிஞ்சில்லா' என்ற சாதியில். கூடப்பிறந்தவர்களை இரண்டு வீட்டில் பதிந்தது போலத்தான். 1816இல் பிரான்ஸின் குவியர் 'விதுவா' என்ற தனிச் சாதியை உருவாக்கினார். 1847இல் ஜேர்மனியின் கபானிஸ் 'விதுயிடே' என்ற குடும்பப் பெயரைத் தந்தார்.

ஆனால் அந்தக் குடும்பப் பெயர் நிலைக்கவில்லை. பின்னால் வந்தவர்களில் பலர் இந்தக் குருவிகளைத் தூக்கணாங்குருவிக் குடும்பத்துக்குள் ஓர் உபகுடும்பமாக அடக்கிவிட்டார்கள். பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். இரண்டுக்கும் விதை கொத்தும் தடித்த சொண்டு. இரண்டிலும் ஆண் பறவை இனப்பெருக்க காலத்தில் மட்டும் அலங்காரம் செய்துகொண்டு மற்றக் காலத்தில் வீட்டுக்குருவி போல மண்ணிறமாகிவிடும். ஆப்பிரிக்கத் தூக்கணாங்குருவிகளிலும் கறுப்பு நிறமும் நீண்ட வாலும் கொண்டவை உண்டு. அவற்றையும் மக்கள் விதவைக் குருவி என்றே அழைத்தார்கள்.

பெரிய வித்தியாசம் ஒன்று இருந்தது. தூக்கணாங்குருவி கூடு கட்டுவதில் கெட்டிக்காரன். விதவைக் குருவி கூடே கட்டாது. குயில் மாதிரி அடுத்தவர் கூட்டில் முட்டையிடும். அதற்குக் கூடு கொடுப்பவை பெரும்பாலும் சில்லைக் குடும்பத்துப் பறவைகள். எங்கள் வயல்களில் கூட்டமாக வந்து நெற்கதிரில் தொங்குமே, அந்தச் சில்லைகளின் ஆப்பிரிக்க உறவினர்கள். அவற்றில் செந்நிறமான ஒரு கூட்டம் உண்டு. நம் வசதிக்குத் தீக்குருவி என்று வைத்துக்கொள்வோம்.

சில்லைக் குடும்பத்துக் குஞ்சுகளிடம் ஓர் அதிசயம் இருக்கிறது. குஞ்சு வாயைத் திறந்தால் அண்ணத்திலும் வாயோரத்திலும் புள்ளிகளும் நிறங்களும் தெரியும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கோலம். விதவைக் குருவிக் குஞ்சின் வாயிலும் அதேபோன்ற கோலம் உண்டு. எந்த இனம் வளர்க்கிறதோ அதன் குஞ்சைப் போலவே இருக்கும். சாம்பியாவில் செய்யப்பட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வு, வாயின் நிறத்தில் மட்டுமல்ல, கத்தும் சத்தத்திலும் தலையை ஆட்டிக் கெஞ்சும் விதத்திலும் அந்த ஒற்றுமை இருப்பதைக் காட்டியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குயில் இனங்கள் சிலவற்றின் குஞ்சுகள் செய்வது போல இந்தக் குஞ்சு வீட்டுக்காரரின் குஞ்சுகளை வெளியே தள்ளாது. ஒரே கூட்டில் எல்லாம் சேர்ந்து வளரும்.

அமெரிக்கரான ஜேம்ஸ் சாப்பின் கொங்கோவில் பல வருடம் அலைந்து பறவைகளைப் படித்தவர். 1917இல் தூக்கணாங்குருவிகளின் பாகுபாட்டைத் திருத்தி எழுதியபோது வாய்க்கோலம் ஒத்திருப்பதை வைத்து விதவைக் குருவிகளைச் சில்லைகளின் பக்கம் சேர்த்தார். 1960இல் இந்தக் குருவிகளைப் பற்றித் தனிநூல் எழுதிய ஹேர்பேர்ட் பிரீட்மனும் சில்லைப் பக்கமே நின்றார்.

1964இல் யூர்கன் நிக்கோலாய் வந்தார். ஜேர்மன்காரர். கொன்ராட் லோரன்ஸோடு வேலை செய்தவர். அவர் குருவிகளை இலாச்சியில் பார்க்காமல் உயிரோடு வளர்த்துப் பாட்டைக் கேட்டார். வளர்ந்த ஆண் விதவைக் குருவி இரண்டு விதமாகப் பாடுவதைக் கண்டார். ஒன்று அதன் சொந்தப் பாட்டு. மற்றது அதை வளர்த்த இனத்தின் பாட்டு. தீக்குருவி வளர்த்தது தீக்குருவியின் பாட்டைப் பாடும். எல்லா இனத்திலும் இது இல்லை. உதாரணமாக ஊசிவால் குருவி வளர்த்தவரின் பாட்டைப் பாடுவதில்லை. ஆனால் பெரும்பாலான இனங்கள் பாடுகின்றன.

இந்த இடத்தை வாசித்தபோது அந்தப் பின்வாங்குப் பிள்ளையின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. "படித்தால் சோடியை எப்படிக் கண்டுபிடிக்கும்?" என்று நான் கேட்டேன் அல்லவா? அந்தப் பாட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது! தீக்குருவிக் கூட்டில் வளர்ந்த பெண், தீக்குருவியின் பாட்டைப் பாடும் விதவை ஆணைத் தேடிப் போகிறது. பிறகு தீக்குருவியின் கூட்டையே தேடிப் போய் முட்டையிடுகிறது.

இவ்வளவையும் கண்டுபிடித்த நிக்கோலாய் குடும்பத்தை எங்கே வைத்தார் தெரியுமா? மறுபடியும் தூக்கணாங்குருவியிடம். அவருடைய வாதம் இதுதான்: வாய்க்கோலம் குஞ்சு போடும் வேடம். வேடத்தை வைத்து உறவைத் தீர்மானிக்க முடியாது. கடன் வாங்கிய பாட்டும் அப்படித்தான். இரண்டையும் கழித்துவிட்டுச் சொந்தப் பாட்டை மட்டும் கேட்டால் அது தூக்கணாங்குருவிகளை ஒத்திருக்கிறது. வாதம் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அடுத்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபர்ட் பெய்ன். விதவைக் குருவிகளிலேயே ஆகக் கஷ்டமான பிரிவை எடுத்துக்கொண்டார். இண்டிகோ குருவிகள் என்பார்கள். நீண்ட வால் இல்லை. ஆண் முழுக்கக் கறுப்பு, வெயில் பட்டால் நீலமாகவோ பச்சையாகவோ ஊதாவாகவோ மின்னும். சொண்டின் நிறம், காலின் நிறம், மினுக்கம், இவ்வளவுதான் வித்தியாசம். பெண்களைப் பிரிப்பது அதைவிடக் கஷ்டம். நூதனசாலையில் இறந்த பறவைகளை வரிசையாக வைத்துக்கொண்டு எத்தனை இனம் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். இறந்த பறவை பாடாது அல்லவா?

பெய்ன் ஒலிப்பதிவுக் கருவியோடு ஆப்பிரிக்காவில் அலைந்தார். எது யாருடைய பாட்டைப் பாடுகிறது என்று பதிந்தார். 1982இல் மூன்று புதிய இண்டிகோ இனங்களுக்குப் பெயர் வைத்தார். அவற்றில் ஒன்று நைஜீரியாவின் ஜொஸ் மேட்டுநிலத்தில் வாழ்வது.

அந்தக் குருவியால்தான் இந்த வரலாற்றின் மிக அழகான கதை நடந்தது. ஜொஸ் குருவி ஒரு தீக்குருவியின் பாட்டைப் பாடியது. ஆனால் அந்தப் பாட்டு அதுவரை தெரிந்த எந்தத் தீக்குருவி இனத்தின் பாட்டோடும் சரியாகப் பொருந்தவில்லை. பிள்ளை ஒரு பாஷை பேசுகிறது, அந்தப் பாஷை பேசும் வீடு ஊரில் இல்லை என்றால் என்ன நினைப்போம்? அந்தப் பாறைக் குன்றுகளிலிருந்த தீக்குருவிகளைக் கவனமாகப் பார்த்தபோது அவை விஞ்ஞானத்துக்கே புதிய இனம் என்று தெரிந்தது. 1998இல் பெய்ன் அதற்குப் பெயர் வைத்தார். வளர்ப்புப் பிள்ளையின் பாட்டுத்தான் வளர்த்தவரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது.

ஆனால் காட்டில் கேட்டது மட்டும் போதாது. பாட்டு உண்மையிலேயே படித்ததா, பிறவியிலேயே வந்ததா? அதைச் சோதிக்கப் பெய்னும் அவரது குழுவும் தீக்குருவி வளர்க்க வேண்டிய இண்டிகோ குஞ்சுகளைச் சம்பந்தமே இல்லாத ஒரு கூண்டுப் பறவையிடம் கொடுத்து வளர்த்தார்கள். அதுதான் பெங்காலீஸ். வீட்டில் குருவி வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பெயர். பெயரில் வங்காளம் இருந்தாலும் இதை வீட்டுப் பறவையாக்கியவர்கள் ஜப்பானியர். இதன் காட்டு மூதாதை வெண்முதுகுச் சில்லை. அந்த இனம் எங்கள் இலங்கையின் ஈரவலயத்திலும் சுதந்திரமாகப் பறந்து திரிகிறது.

2000இல் முடிவுகள் வெளிவந்தன. பெங்காலீஸ் வளர்த்த ஆண்கள் பெங்காலீஸின் பாட்டைப் பாடின. பெங்காலீஸ் வளர்த்த பெண்கள் அந்தப் பாட்டைப் பாடும் இண்டிகோ ஆண்களையே விரும்பின. முட்டையிடும்போது பெங்காலீஸின் கூட்டையே தேடின. ஆனாலும் அவை பெங்காலீஸ் பறவையோடு சோடி சேரப் போகவில்லை. பாட்டு வளர்ப்பு வீட்டிலிருந்து வந்தது. சோடி சொந்த இனத்திலிருந்து வந்தது.

இதன் பொருளை யோசியுங்கள். ஒரு பெண் குருவி ஒருநாள் வேறு இனத்தின் கூட்டில் முட்டையிட்டுக் குஞ்சுகள் பிழைத்துவிட்டால், அந்தக் குஞ்சுகள் புதிய பாட்டைப் படிக்கும். அந்தப் பாட்டைப் பாடுபவையோடே சேரும். ஒரே தலைமுறையில் தனி வழி பிறந்துவிடும். 2003இல் மைக்கல் சொரன்சன், பெய்ன் ஆகியோரின் குழு மரபணு ஆய்வை வெளியிட்டபோது அதுதான் தெரிந்தது. இண்டிகோ இனங்களுக்கிடையில் மரபணு வித்தியாசம் மிகச் சிறியது. அவை வளர்ப்பு வீடு மாறியதால் அண்மைக் காலத்தில் பிரிந்தவை. வளர்ப்பவரும் வளர்பவரும் ஆதியிலிருந்தே சேர்ந்து சேர்ந்து கிளைவிட்டு வந்தார்கள் என்று நிக்கோலாய் நினைத்தது இதில் பொருந்தவில்லை.

சரி, குடும்ப வழக்கு என்ன ஆனது? தூக்கணாங்குருவியா, சில்லையா?

2001இல் சொரன்சனும் பெய்னும் மரபணுவை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். விதவைக் குருவிகளுக்கு ஆக நெருங்கிய சொந்தம் சில்லைக் குடும்பம். தூக்கணாங்குருவி அல்ல. அதோடு யாரும் சேர்க்காமல் விட்ட ஒரு சொந்தக்காரரும் கிடைத்தார். ஆப்பிரிக்காவில் கதிர்க்குருவி வகைகளின் கூட்டில் முட்டையிடும் மஞ்சள் நிறக் குருவி ஒன்று உண்டு. குயில் போல நடப்பதால் அதன் பெயரிலேயே குயில் இருக்கிறது. அதையும் தூக்கணாங்குருவி என்றே வைத்திருந்தார்கள். அது விதவைக் குருவிகளின் உடன்பிறப்பு என்று தெரிந்தது. அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் வழக்கம் இந்த வம்சத்தில் ஒரே ஒரு முறை, மிகப் பழைய காலத்தில் தோன்றியிருக்கிறது. இன்று 19 விதவை இனங்களும் இந்த ஒன்றும் சேர்ந்து 20 இனங்கள், 'விதுயிடே' என்ற தனிக் குடும்பம். 1847இல் கபானிஸ் தந்த பெயர் திரும்பி வந்துவிட்டது.

இப்போது ஓர் ஆசிரியராக இந்த விடைத்தாள்களைத் திருத்திப் பார்க்கிறேன்.

சாப்பினின் விடை சரி. சில்லைகளின் பக்கம்தான். ஆனால் அவர் காட்டிய சாட்சி வாய்க்கோலம். அது வளர்ப்பவரை ஏமாற்றக் குஞ்சு போடும் வேடம். வழி பிழை, விடை சரி. நிக்கோலாய் வேடத்தை வேடம் என்று கண்டுகொண்டார். பாட்டைக் கேட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் நடந்தது அவர் போட்ட பாதையில்தான். ஆனால் அவருடைய விடை பிழை. எங்கள் பரீட்சையில் கடைசி வரியை மட்டும் பார்த்துப் புள்ளி போட்டால் சாப்பினுக்கு முழுப் புள்ளி, நிக்கோலாய்க்குப் பூச்சியம். படிமுறைக்குப் புள்ளி கொடுக்கும் ஆசிரியர்தான் நிக்கோலாயைக் காப்பாற்றுவார்.

எத்தனை பிள்ளைகளுக்கு நாங்கள் பூச்சியம் போட்டிருக்கிறோம் என்று யோசிக்கிறேன். பாகுபாட்டுப் பாடத்தைக் கல்லில் செதுக்கியது போலப் படிப்பிக்கிறோம். இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். பாடமாக்கு, எழுது, மற. அந்த இலாச்சிகளைச் செய்தவர்கள் மனிதர்கள், அவர்கள் தடுமாறினார்கள், ஒருவரையொருவர் மறுத்தார்கள், திருத்தினார்கள் என்று நாங்கள் சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் விட்டால், கேள்வி கேட்கும் பிள்ளை பாடத்தைக் குழப்பும் பிள்ளையாகத்தான் தெரியும்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். முதலில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். "எந்தப் பறவையும்" என்ற வரியைப் பிள்ளைகளை வெட்டச் சொன்னேன். "சேர் பிழையாகச் சொல்லிட்டேன்" என்றேன். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியானது. பிறகு ஜொஸ் குருவியின் கதையைச் சொன்னேன். மணி அடித்த பிறகும் யாரும் எழும்பவில்லை.

கடைசியில் அந்த மகன் மறுபடியும் கையை உயர்த்தினான்.

"அப்ப சேர், குயிலுக்கு மட்டும் ஏன் படிக்கத் தெரியல்ல?"

இந்த முறை நான் உடனே பதில் சொல்லவில்லை. கரும்பலகையில் கேள்வியை எழுதினேன். பாட்டுப் பறவைகள் என்று பெரியதொரு கூட்டம் உண்டு, அவை பாட்டைக் கேட்டுப் படிப்பவை, சில்லையும் விதவைக் குருவியும் அதில் அடக்கம், குயில் அந்தக் கூட்டத்துக்கு வெளியே உள்ளது என்று மட்டும் சொன்னேன். "மிச்சத்தை நீங்கள் தேடிக்கொண்டு வாருங்கள்" என்றேன். அடுத்த கிழமை அவர்கள் கொண்டுவருவதற்கு, விடையைப் பார்க்க முன் வழியைப் பார்த்துப் புள்ளி போடுவதாக நினைத்திருக்கிறேன்.

இந்தப் பதிவிலும் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்.